நவீன கவிதைக்கு மெட்டமைத்தல்: பயன் சொல்லும் வழி

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படிப்பதைச் சிறுவயதிற் கேட்டவர்களுக்கு நான் சொல்லப்போவது முற்றிலும் புதியதாய் இராது. ஒருவர் செய்யுளைத் தாளக்கட்டில்லாமல் இராகத்தோடு படிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்லுவார். படிப்பவருக்கு எத்தனை இனிய சாரீரம் இருந்தாலும், சொற்களைப் பொருள் தெரியப் பிரித்துப் படிக்கத் தெரியாவிட்டால், பயன் சொல்பவர் நடுவழியில் தடுமாறி நிற்பார். அச்சிற் படிப்பதற்கென எழுதப்பட்ட ஒரு நவீன கவிதைக்கு இசையமைக்க விரும்புகிறவர், தம் பாட்டுக்கும் அப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பயன் சொல்லப்போகிறார் என்று எண்ணிக்கொண்டே வேலையைத் தொடங்கலாம். இந்தக் கட்டுரையிற் கூறும் எல்லா வழிமுறைகளும் அந்த எண்ணத்திலிருந்தே பிறந்தவை.

கவிதைப் பாடல் என்று நான் குறிப்பிடுவது, கவிஞரின் சொல் ஒன்றையும் மாற்றாமல், ஒரு குரலுக்கும் ஓரிரு வாத்தியங்களுக்குமாக அமைக்கப்படும் பாட்டை. பல்லவிக்குத் திரும்பித் திரும்பி வரும் கீர்த்தனையும், பாடுவதற்கென்றே எழுதப்படும் வானொலி மெல்லிசையும் இதற்கு உறவினர். ஆனாலும் வேறு வீட்டார். எண்பதுகளில் இங்கே, யாழ்ப்பாணத்தில், கவிதைகளை மேடையில் நிகழ்த்திக் காட்டிய கவிதா நிகழ்வுகள் இன்னும் கொஞ்சம் நெருங்கிய உறவு. ஜெர்மன் மொழியில் ‘லீட்’ எனப்படும் வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வாறே வளர்ந்தது. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் ஷூபர்ட் 1814ஆம் ஆண்டு, தம் பதினேழாவது வயதில், ஜெர்மன் கவிஞர் கோதேயின் கவிதை ஒன்றுக்கு இசையமைத்தார். இராட்டையில் நூல் நூற்றபடி காதலனை நினைக்கும் ஒரு பெண்ணின் கூற்று அது. பியானோ இராட்டையைப் போலச் சுழன்றுகொண்டே இருக்கும். அவள் அவனுடைய முத்தத்தை நினைக்கும் இடத்தில் அந்தச் சுழற்சி நின்றுபோகும், பிறகு தயங்கித் தயங்கித் தொடங்கும். நூற்பவளின் கை நின்றதைக் கவிதை சொல்லவில்லை, வாத்தியம் சொல்கிறது. பக்கவாத்தியத்தின் கடமை என்ன என்பதற்கு இதனினும் நல்ல பாடத்தை நான் அறியேன்.

என்னுடைய முதல் முயற்சி இதற்கு நேர்மாறாக அமைந்தது. உயிரோடிருந்த ஒரு கவிஞரின் சிறு கவிதையைச் சிவரஞ்சனி இராகத்தில் அமைத்து, முதலிரண்டு அடிகளைப் பல்லவியாக்கி, ஒரே அடியை வெவ்வேறு விதமாகப் பாடும் சங்கதிகள் ஆறு போட்டு, மண்டபம் நிறையக் கைதட்டலும் வாங்கினேன். நிகழ்ச்சி முடிந்ததும் கவிஞர் வந்து என் தோளிற் கை வைத்து, “தம்பி, பாட்டு நல்லாத்தான் இருந்தது, என்ரை கவிதை எங்கை?” என்று கேட்டார். கோதேக்கு அனுப்பப்பட்ட ஷூபர்ட்டின் பாடற் கட்டு 1816இல் ஒரு சொல்லும் எழுதப்படாமல் திரும்பி வந்ததாம். எனக்கு ஒரு கேள்வியாவது கிடைத்தது.

முதலில் கவிதையைத் தெரிவு செய்ய வேண்டும். மிகவும் பிடித்த கவிதையே மெட்டுக்கு ஏற்றது என்று கருதுவது பிழை. படிமங்கள் நெருங்கி, அடிக்கு அடி திகைக்க வைக்கும் கவிதையை வாசகர் ஆறுதலாகத் திரும்பப் படித்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எளிய வாக்கியங்களும், சொல்லப்படாத ஒன்றும் உள்ள கவிதையே இசைக்கு இடம் விடும். பன்னிரண்டு முதல் இருபது வரிகள் போதும். அளவெட்டியிற் பிறந்த, ‘மஹாகவி’ என்ற புனைபெயர் கொண்ட ஈழத்துக் கவிஞர் (1927–1971) போன்றோரின் கவிதைகள் பழகுவதற்கு மிக நல்லவை. அவர் யாப்பை விடாமலே பேச்சோசையைக் கொண்டுவந்தவர். சீரும் அடியும் மரபுப்படி ஓடிக்கொண்டிருக்க, வாக்கியம் அவற்றின் மேல் தன் போக்கிற் பேசிச் செல்லும். சீரைப் பின்பற்றி மெட்டமைத்தால் சிந்துபோல ஆடும்; வாக்கியத்தைப் பின்பற்றினால் ஒரு மனிதர் பேசுவது கேட்கும். இரண்டையும் அமைத்துப் பார்த்து வேறுபாட்டைத் தம் காதாலேயே அறிந்துகொள்பவர், பிறகு புதுக்கவிதைக்குப் போகும்போது அஞ்சமாட்டார்.

பாடத்தை மூல நூலின் பதிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கையாற் படியெடுத்து முகநூலிற் பகிரப்படும் கவிதைகளில் முதலிற் சிதைவது வரி முறிவு. நமக்கு மிகவும் தேவைப்படுவதும் அதுவே. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துக் கவிதை நூல்கள் பல, அச்சான பக்கங்களாகவே பார்க்கக் கிடைக்கின்றன.

அனுமதி பெறும் வேலையை மெட்டுப் பிறக்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது. பிறந்த பின் மறுப்பைத் தாங்குவது கடினம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பின் பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். ஆகவே மஹாகவியின் கவிதைகளுக்கு 2041ஆம் ஆண்டு முடியும்வரை அவருடைய உரித்தாளரிடம் கேட்க வேண்டும். பாரதியார் 1921இல் மறைந்தவராதலால் அந்தத் தடை இல்லை. கேட்கும்போது மேடையிற் பாடுவதற்கு மட்டும் கேட்டு நிறுத்தாமல், ஒலிப்பதிவுக்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும் சேர்த்து எழுத்திற் கேளுங்கள்; எந்த வரியையாவது திருப்பிப் பாட எண்ணியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான கவிஞர்கள் மகிழ்ச்சியோடு இசைவார்கள். ஒரு சொல்லை மாற்றலாமா என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் அவர்களுடைய உண்மையான முகம் தெரியும்.

இனி வாசிப்பு. சுருதிப்பெட்டியைத் தொடாதீர்கள். கவிதையை ஒரு நாளைக்கு மூன்று முறையென ஒரு கிழமைக்கு உரக்க வாசியுங்கள். வேறொருவரையும் வாசிக்கச் சொல்லிக் கைத்தொலைபேசியிற் பதிந்துகொள்ளுங்கள். கவிஞரே வாசித்தால் அதற்கு ஈடில்லை. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் (1950–2006) போலத் தாமே பாடிக்காட்டக்கூடியவர்கள் சிலர்தான். ஆனால் எந்தக் கவிஞரும் தம் கவிதையை வாசிக்கும்போது எங்கே நிற்கிறார், எதை விரைந்து கடக்கிறார் என்பது தாளம் எங்கே இருக்கிறது என்பதற்கான சாட்சியம். அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டே மூச்சு விடும் இடங்களைப் பென்சிலாற் குறித்துவையுங்கள். இந்தக் குறிகளைப் பிறகு எந்தத் தாளத்துக்காகவும் அழிக்கக் கூடாது.

அடுத்ததாக எண்ணிக்கை. எடுத்துக்காட்டுக்காக நானே எழுதிக்கொண்ட சில வரிகளை வைத்து விளக்குகிறேன். கவிதையாக அவற்றுக்கு மதிப்பெண் போட வேண்டாம். (ஒழுங்கை என்பது சிறு சந்து; துலா என்பது கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்ற மரம்.)

ஒழுங்கை முடியும் இடத்தில்
ஒரு வேலி
வேலிக்கு அப்பால்
ஆளில்லாத கிணறு
துலா மட்டும் இன்னும்
அண்ணாந்து நிற்கிறது

இலக்கணம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று வகுக்கும். பாட்டுக்காரருக்கு இன்னும் எளிய கணக்குப் போதும்: தனிக்குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கும் ஒற்றடுத்த குறிலுக்கும் இரண்டு. இதன்படி முதலிரு வரிகளை மிஸ்ர சாபுவில், அதாவது மூன்றும் நான்குமாகப் பிரியும் ஏழில், இட்டுப் பார்த்தால் ‘ஒழுங்’ மூன்று, ‘கைமுடி’ நான்கு, ‘யும் இ’ மூன்று, ‘டத்தில்’ நான்கு என்று கச்சிதமாக விழும். ‘ஒரு வேலி’க்கு முன் ஒரு மாத்திரை இடைவெளி விட்டு, ‘வே’யைச் சற்று நீட்டினால் மூன்றாவது ஆவர்த்தனமும், அதாவது தாளச் சுற்றும், நிரம்பிவிடும். கணக்கு வென்றது; கவிதை தோற்றது. ஏனெனில் இரண்டாவது ஆவர்த்தனத்தின் சமம், அதாவது தொடக்க இடம், ‘யும்’ என்னும் விகுதியின் மேல் அடி விழச் செய்கிறது. ‘முடியும்’ என்ற சொல் இரண்டாக வெட்டுப்படுகிறது. பயன் சொல்பவர் ‘கைமுடி’யோடு தடுமாறி நிற்பார்.

அதே வரிகளை இரண்டும் மூன்றுமாகப் பிரியும் கண்ட சாபுவில் இடுங்கள். ‘ஒழுங்கை’ ஒன்று, இரண்டு, இரண்டு என ஐந்து. ‘முடியும்’ நான்கு, கடைசி ‘ம்’மை ஒரு மாத்திரை ரீங்கரிக்கவிட்டால் ஐந்து. ‘இடத்தில்’ ஐந்து. ‘ஒரு வேலி’ ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று என ஐந்து. ‘வேலிக்கு’ ஐந்து; ‘அப்பால்’ ஈற்று ‘ல்’லின் நீட்சியோடு ஐந்து. ஒவ்வொரு சொல்லும் தன் தலையைச் சமத்தில் வைத்துக்கொள்கிறது. ‘ஆளில்லாத கிணறு’ மட்டும் இரண்டு ஆவர்த்தனம். அதில் ‘லா’ முதல் ஆவர்த்தனத்தின் கடைசி மாத்திரையிற் பிறந்து அடுத்த ஆவர்த்தனத்துக்குள் நீண்டு விழுகிறது. ஆளில்லாமையை அந்த நெடில் தானாகவே காட்டிவிடுகிறது. அதற்குப் பின் ‘த கிணறு’ என்னும் நான்கு குறில்களும் கல் விழுவதுபோல விரைந்து இறங்கிவிடும். இப்படி ஒரு பொருத்தம் கிடைத்தால் அதைத் தொடாமல் விடுங்கள். கமகம் போட்டு அழகுபடுத்தப் போகாதீர்கள்.

‘துலா’வின் நெடிலை நீட்டினால் ஐந்து, ‘மட்டும்’, ‘இன்னும்’ ஆகியவை ஈற்று ‘ம்’மின் ரீங்காரத்தோடு ஐந்தைந்து, ‘அண்ணாந்து’, ‘நிற்கிறது’ இரண்டும் உள்ளபடியே ஐந்து. எல்லாமாகப் பதின்மூன்று ஆவர்த்தனம். இப்படியே பாடினால் சொற்கள் வரிசையில் நின்று அணிவகுப்புச் செய்வதுபோலிருக்கும். எனவே பென்சிற் குறிகளுக்குத் திரும்புங்கள். வாசித்தவர் ‘இடத்தில்’ என்பதன் பின் நின்றார். அங்கே வெற்று ஆவர்த்தனம் ஒன்று. ‘இன்னும்’ என்பதன் பின் நீண்ட நேரம் நின்றார், அங்கே இரண்டு. இப்போது பதினாறு ஆவர்த்தனம், தாளம் அறுபடாமல், வாசிப்பின் மௌனங்களோடு. புதுக்கவிதைக்குத் தாளம் ஒவ்வாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மௌனத்தைத் தாளத்துக்குள் எண்ண மறந்தவர்கள்.

எல்லாக் கவிதையும் இப்படி இணங்கி வராது. வரிகள் உரைநடைபோல நீளும் இடங்களை விருத்தமாக, அதாவது தாளமில்லாமல் இராகத்தோடு பாடும்படி, விட்டு, பேச்சு இறுகும் இடத்திற் தாளத்தைத் தொடங்கலாம். கத்தோலிக்கத் தேவாலயங்களில் தவக்காலத்திற் பாடப்படும் வியாகுலப் பிரசங்கத்தையும் ஒருமுறை இந்த நோக்கத்தோடு கேட்டுப் பாருங்கள். நீண்ட வாக்கியத்தைப் பெரும்பாலும் ஓரிரு சுரங்களிலேயே நிறுத்தி, முடிவில் மட்டும் குரலை வளைத்து இறக்கும் நயம் அதில் உண்டு. கவிதை தெளிவான சிந்து நடையிலிருந்தால் காத்தவராயன் கூத்தின் மெட்டுகள் கதவைத் திறக்கும்.

எழுத்தொலியில் இரண்டு எச்சரிக்கை. குற்றியலுகரத்தை நீட்டாதீர்கள். ‘நிற்கிறது’ என்று முடியும் இடத்தில் ‘தூ’ என்று கார்வை கொடுத்து நிறுத்துவது நம் பாடகர் பலரின் பழக்கம். அரை மாத்திரைக்கு மேல் உயிர் இல்லாத ஓசை அது. குரலைக் குறுக நிறுத்தி, நீட்சியை வயலினிடம் ஒப்படையுங்கள். அவ்வாறே வல்லின ஒற்றில் நிற்க முடியாது. ம், ன், ல், ர் போன்றவற்றில் நிற்கலாம். ழகரத்தைப் பற்றி என் கொள்கை இது: எழுத்து வழக்குக் கவிதையில் ‘ஒழுங்கை’ என்றே பாட வேண்டும், கவிஞர் பேச்சு வழக்கில் எழுதியிருந்தால் நம் ஊர் வாய்க்கு வருகிற ‘ஒளுங்கை’யைத் திருத்தக் கூடாது.

இராகத்துக்கு வருவோம். போரும் இடப்பெயர்வும் பற்றிய கவிதை என்றதும் முகாரி, சுபபந்துவராளி, சிவரஞ்சனி என்று கை நீளுகிறது. கவிஞர் அழாமல் எழுதியதை நாம் அழுது பாடுகிறோம். மேலுள்ள வரிகளில் அழுகை இல்லை. வெயிலும் ஒரு வெறுமையும்தான் உண்டு. நான் மோகனத்தில் தொடங்குவேன். ச ரி க ப த என்னும் அந்த ஐந்து சுரங்களின் காந்தாரத்தை (க) சட்சமாக (ச) கொண்டால் ஹிந்தோளம் பிறக்கும் என்பது மாணவர் எல்லாரும் படிக்கும் கிரகபேதம். ‘ஆளில்லாத’ என்ற சொல்லிற் குரல் காந்தாரத்திற் போய் நிற்க, சுருதிப்பெட்டியை அந்தக் கணத்தில் நிறுத்திவிட்டு, வயலின் அந்தக் காந்தாரத்தை மட்டும் நீட்டிப் பிடித்தால், ஒரு சுரமும் மாறாமலே முற்றம் இருண்டுவிடும். ஆதார சட்சம் தொடர்ந்து ஒலித்தால் இது நடக்காது. காது மோகனத்தையே கேட்டுக்கொண்டிருக்கும்.

சொல்லுக்குச் சொல் படம் வரைவதை அடக்கிக்கொள்ள வேண்டும். ‘அண்ணாந்து’ என்றால் மேலே ஏறத்தான் தோன்றும். ஒரு கவிதையில் ஒருமுறை ஏறலாம். அதற்கு மேல் அது சிறுவர் அபிநயப் பாட்டு. குரலின் வீச்சையும் மந்திரப் பஞ்சமம் முதல் தாரக் காந்தாரம் வரையில் வைத்துக்கொள்ளுங்கள், உச்சத்தில் உயிரெழுத்துகளின் வேறுபாடு மங்கிப்போவதால். வழக்கமாக ஐந்தரைக் கட்டைச் சுருதியிற் பாடும் பெண் ஐந்தில் பாடினால் சொல் துலங்குவதை நான் கண்டிருக்கிறேன். திருப்பிப் பாடுவதைக் கவிஞர் திருப்பி எழுதிய இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சங்கதி ஆசை தாங்கமுடியாவிட்டால் அதை வாத்தியத்துக்குக் கொடுங்கள்.

பக்கவாத்தியத்துக்கு ஒரு வயலின் அல்லது புல்லாங்குழல் போதும். கீபோட் வைத்திருப்பவர் எல்லாப் பொத்தானையும் அழுத்தாமல் இருப்பாரானால் அதுவும் ஆகும். மிருதங்கக்காரரிடம் முன்கூட்டியே கவிதையின் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தவிலுக்குப் பேர்போன ஊரில் தாள வாத்தியக்காரரை மோரா, அதாவது முத்தாய்ப்புச் சொற்கட்டு, வைக்காமல் இருக்கச் சொல்வது சிறு காரியம் அன்று. ஆனால் தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத்தில், மட்டும் மெல்லத் தட்டி, வெற்று ஆவர்த்தனங்களில் கையை எடுத்துவிடும்படி கேட்டால், கவிதையைப் படித்த கலைஞர் காரணத்தைப் புரிந்துகொள்வார். துலாவின் கிறீச்சொலியை வயலினில் எழுப்ப வேண்டாம். ஆளில்லாத கிணற்றில் துலா அசையாது.

ஒலிப்பதிவுக்கு நாள் குறிப்பவர்கள் நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளையும், அயற்கோயில்களின் கொடியேற்றத்தையும் நாட்காட்டியிற் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். எந்த நல்ல ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியோடு போட்டியிட முடியாது.

மேடையேறுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். கவிதையை அறியாத ஒருவரை, இசை தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது, பாடகருக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். தாளில் எதையும் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு வாக்கியமும் முடிந்தவுடன் பாட்டை நிறுத்தி, கேட்டதன் பொருளைத் தம் சொல்லிற் சொல்லச் சொல்லுங்கள். அவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் முதலில் அந்தச் சொல்லின் சுரங்களைக் குறையுங்கள். அப்படியும் விளங்காவிட்டால் சொல்லுக்கு முன்னால் அரை மாத்திரை மௌனம் சேருங்கள். வாக்கியம் முழுவதுமே விளங்கவில்லை என்றால் தாளத்தை மாற்ற வேண்டியிருக்கும். இராகம் கடைசியிலேயே மாற வேண்டும், பெரும்பாலும் குற்றம் அதனுடையதாக இருப்பதில்லை. நான் இதற்கு என் அம்மாவின் தமக்கையை உட்காரவைப்பது வழக்கம். கிணற்று வரிகளைக் கேட்டுவிட்டுப் பெரியம்மா பொருள் சொல்லவில்லை; “ஆற்றை வளவு அது?” என்று, யாருடைய காணி என்று, கேட்டார். அந்தப் பாட்டில் அதன்பிறகு நான் எதையும் மாற்றவில்லை.